தூங்குமூஞ்சியின் உயரம்

வியாழக்கிழமை காலை வந்த பொட்டலத்தைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேடுமளவுக்கு வில்மா ஹூக்ஸ்ட்ராவுக்குப் பொறுமை இல்லை. பல்லால் கடித்தே பிரித்தார். உள்ளே சாம்பல் நிற அட்டையோடு ஒல்லியான புத்தகம் ஒன்று இருந்தது. வண்ணப்படம் ஒன்றுகூடக் கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் குவளைகளின் அடிப்பாகம், முத்திரை, எடை, உயரம். பள்ளி நூலகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர் அவர். அழகான புத்தகத்தைவிட அடக்கமான புத்தகத்தின் மேல்தான் அவருக்கு நம்பிக்கை அதிகம். ஆசையாகப் புரட்ட ஆரம்பித்தார்.

டீக்கி குவளை என்றால் அவருக்கு உயிர். தென்கடல் தீவுகளின் தெய்வ முகங்களைப் பார்த்து, அந்தக் காலத்துக் கலிஃபோர்னியா உணவகங்கள் களிமண்ணில் செய்துகொண்ட குவளைகள் அவை. ரம்மும் பழச்சாறும் கலந்து அவற்றில்தான் ஊற்றிக் கொடுப்பார்கள். உணவகங்கள் எப்போதோ மூடிப் போயின. குவளைகள் மட்டும் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பெல்ஃப்ளவர் ஊர் டச்சுத் திருச்சபையில், இப்படி முறைக்கிற முகங்களை அலமாரி நிறைய அடுக்கி வைத்திருப்பவர் வில்மா ஒருவர்தான். வீட்டுக்கு வந்த போதகர் ஒருமுறை தயங்கித் தயங்கி அதைப் பற்றிக் கேட்டார். "நான் இவங்களைக் கும்பிடலை பாஸ்டர், தூசிதான் தட்டறேன்" என்று வில்மா சொன்னதும் அவரே சிரித்துவிட்டார்.

லேக்வுட்டில் டெல்பர்ட் க்ரீர் வீட்டுக் கார் கொட்டகையில், மாதாமாதம் மூன்றாம் ஞாயிறு மதியம் டீக்கி வட்டம் கூடும். பதினான்கு பேர். அந்த வட்டத்தின் புத்தகப் பெட்டி வில்மாவின் பொறுப்பு. யார் எந்தக் குவளையைக் கொண்டுவந்து நீட்டினாலும் அதன் அடியைத் திருப்பிப் பார்ப்பார். பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்து ஒத்துப் பார்ப்பார். "அசல்" என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு இல்லை.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அவர் கை நின்றது.

அந்தப் பக்கத்தில் இருந்தது தூங்குமூஞ்சி. பாதி மூடிய கண், தொங்கிய உதடு, எழுப்பினால் அழுதுவிடுமோ என்று தோன்றும் முகம். வட்டத்தில் எல்லாரும் அதை அப்படித்தான் கூப்பிடுவார்கள். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது: அசலின் உயரம் ஆறே முக்கால் அங்குலம். ஆறேகால் அங்குலம் இருந்தால் அது நகல். அசல் குவளையின் மேலேயே அச்சு எடுத்து வார்ப்பதால் அடி முத்திரையும் அப்படியே விழுந்துவிடும். ஆனால் களிமண் சூளையில் சுருங்கும். ஆகவே நகல் எப்போதும் அசலைவிடக் குள்ளம்.

வில்மா எழுந்து போய், தன் கைக்குள் வந்து போன குவளைகளை எல்லாம் குறித்து வைக்கும் நோட்டை எடுத்துவந்தார். நூலகப் பழக்கம், உயரத்தைக் குறிக்காமல் விட மாட்டார். அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: 'தூங்குமூஞ்சி, பழுப்பு, ஆறேகால் அங்குலம்.' அதற்குக் கீழே: 'மார்ச் மாதம் யோலாண்டாவிடம் போனது. பதிலுக்கு நீலமீன்.'

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

யோலாண்டா ப்ரீசியாடோ வட்டத்துக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. டௌனியில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவளுடைய மாதாகோவில் பழைய சாமான் விற்பனையில் ஒரு நீலமீன் குவளை அவள் கையில் அகப்பட்டது. அது என்னவென்றே அவளுக்குத் தெரியாது. வில்மாவோ அதற்காக ஒன்பது வருஷமாகத் தேடி அலைந்தவர். "என் தூங்குமூஞ்சியைத் தர்றேன், மாத்திக்கலாமா?" என்று கேட்டார். நீலமீனைவிடத் தூங்குமூஞ்சி அரிது. டெல்பர்ட்டிடமே ஒன்றுதான் உண்டு. புதுசாக வந்தவளுக்குப் போய் இப்படித் தூக்கிக் கொடுக்கிறாரே என்று வட்டமே வில்மாவை மெச்சியது. அன்றைக்கு வீடு திரும்பும்போது வில்மாவும் காருக்குள் தன்னைத்தானே கொஞ்சம் மெச்சிக்கொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவருடைய கணவர் கெரிட், பால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், டச்சுக்காரர் வழக்கப்படி ரொட்டியில் சாக்லேட் தூவலைக் கொட்டிக்கொண்டே மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

"நான் யோலாண்டாவுக்குக் குடுத்தது நகலாம், கெரிட்."

"எது? அந்த மூதேவி மூஞ்சிக் கப்பா?"

"மூதேவி இல்ல, தூங்குமூஞ்சி."

"ரெண்டும் ஒண்ணுதான். எவ்வளவு வித்தியாசம்?"

"அரை அங்குலம்."

கெரிட் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் அரை அங்குலத்துக்குப் பிரித்துப் பார்த்தார். "இதுக்கா இப்படி உக்காந்திருக்கே? நீ என்ன தெரிஞ்சா குடுத்தே?"

"அப்பத் தெரியாது. இப்பத் தெரியுமே."

கெரிட் ரொட்டியைக் கடித்தார். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு, இந்தக் குரல் வந்தால் மேலே பேசக் கூடாது என்று தெரியும்.

கடவுள் பெரிய சோதனைகளைப் பெரிய மனிதர்களுக்கு என்று வைத்திருக்கிறார் போலிருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அரை அங்குலமே போதும். இதை வெளியே சொன்னால் நீலமீனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. வில்மா சொன்னால் சரி என்று பதிமூன்று பேர் நம்புகிறார்களே, அந்த நம்பிக்கையையும் அல்லவா கூடவே கொடுக்க வேண்டும்!

மறுநாள் யோலாண்டா கூப்பிட்டாள். பின்னால் பேருந்துகள் உறுமும் சத்தம்.

"வில்மா, ஒரு உதவி. எனக்குப் பிறந்தநாள் வந்துச்சில்ல, டிப்போல எல்லாரும் சேர்ந்து புத்தகக்கடைப் பரிசு அட்டை குடுத்திருக்காங்க. குவளைப் புத்தகம் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ஒண்ணே ஒண்ணுதான், எங்க வீட்ல அதுக்குமேல வைக்க இடமில்ல. எதை வாங்கறது?"

வில்மா சாம்பல் புத்தகத்தை மூடினார். "ஞாயித்துக்கிழமை பெட்டியைக் கொண்டுவர்றேன். பார்த்துட்டு நீயே முடிவு பண்ணு."

"நான் என்னத்தைப் பார்க்கறது? நீங்க கையைக் காட்டற புத்தகத்தை வாங்கிக்கறேன். அப்புறம், என் தூங்குமூஞ்சியையும் கூட்டிட்டு வர்றேன். வீட்ல குவாதலூப்பே மாதா பக்கத்துல வச்சிருக்கேன், தெரியுமா? மாதாவே அவனைப் பார்த்து லேசா சிரிக்கற மாதிரி இருக்கு."

போனை வைத்த பிறகு வில்மா நெடுநேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புது ஆளுக்குச் சொல்லக்கூடியதாக அதில் மூன்று புத்தகங்கள் இருந்தன. ஒன்று, மஞ்சள் அட்டை போட்ட குண்டு விலைப்பட்டியல். இன்னொன்று வழவழத் தாளில் பெரிய பெரிய வண்ணப்படங்கள். பார்த்தாலே தாகம் எடுக்கும். மூன்றாவது, இந்தச் சாம்பல் புத்தகம். நகலைப் பற்றி முதல் இரண்டிலும் ஒரு வரி கிடையாது. படப் புத்தகத்தை எடுத்து நீட்டினால் யோலாண்டா வாழ்நாள் முழுக்கச் சந்தோஷமாக இருப்பாள். யாரும் தப்பு சொல்ல முடியாது. எல்லாரும் தொடக்கக்காரர்களுக்கு அதைத்தானே சொல்கிறார்கள்?

இந்தக் கடைசி யோசனை எவ்வளவு நயமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது என்பதைக் கவனித்துத்தான் வில்மா பயந்துபோனார்.

ஞாயிறு காலை ஆராதனையில், வழக்கம்போல் பிரசங்கம் தொடங்கியதும் கெரிட் பெப்பர்மின்ட் மிட்டாயை நீட்டினார். வில்மா வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பிரசங்கம் எதைப் பற்றி என்று பிறகு கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. 'ஆண்டவரே, தைரியம் தாரும். முடியாவிட்டால் அந்த நேரத்தில் என் வாயையாவது திறந்துவிடும்' என்று மட்டும் வேண்டிக்கொண்டார். வெளியே வந்ததும் காருக்குள்ளேயே சாம்பல் கோட்டைக் கழற்றிவிட்டு, பூப்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, பின் இருக்கையில் பெட்டியும் அதன் மேல் துணியில் சுற்றிய நீலமீனுமாக லேக்வுட்டுக்குக் கிளம்பினார். கார் கண்ணாடியெல்லாம் ஊதா நிற ஜக்கராந்தாப் பூ ஒட்டிக் கிடந்தது.

டெல்பர்ட் குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கொட்டகையை மூங்கிலும் பாயுமாக இழைத்து, கூரையில் உலர்ந்த பேத்தை மீன்களை விளக்குகளாகத் தொங்கவிட்டிருந்தார். அவருடைய தூங்குமூஞ்சிக்கு மட்டும் தனியாக ஒரு மாடம், அதற்கென்று ஒரு சின்ன விளக்கு. அதில் அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. யாரையும் தொட விட்டதும் இல்லை.

"வாங்க வில்மா! உங்களுக்கு வழக்கம்போல அன்னாசிச் சாறும், பக்கத்துல ரம் பாட்டிலைக் காட்டினா மட்டும் போதும், இல்ல?"

"இன்னிக்கு ரம்மையும் ஒரு விரல் உயரத்துக்கு ஊத்துங்க, டெல்பர்ட்."

மது மேடைக்கு எதிரே உட்கார்ந்திருந்த க்ளென் ஒகமோட்டோ, கார்டீனாவில் பல் வைத்தியர், நிமிர்ந்து பார்த்தார். "ஒரு விரலா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

யோலாண்டா வந்து சேர்ந்தாள். கேட்காமலே தன் தூங்குமூஞ்சியை மேடையில் வைத்து, "இவனுக்கு ஊத்துங்க முதல்ல" என்றாள். டெல்பர்ட் பதறினார். "அதுல போயா? அடி, அது எவ்வளவு அரிதுன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே வேறொரு குவளையில் ஊற்றிக் கொடுத்தார்.

வில்மா மூன்று புத்தகங்களையும் வரிசையாக வைத்தார். உடனே சண்டை தொடங்கியது.

"மஞ்சள்தான்" என்றார் டெல்பர்ட். "எது எவ்வளவு பெறும்னு தெரியாம ஒருத்தி சந்தைக்குப் போலாமா?"

"அந்த விலையெல்லாம் நீங்க முடியோட இருந்த காலத்து விலை" என்றார் க்ளென். "யோலாண்டா, நீ படப் புத்தகத்தை எடு. முதல்ல கண்ணு பழகணும். ஆசை வந்தா அறிவு தானா வரும்."

"பல்லைப் பிடுங்கறவர் ஆசையைப் பத்திப் பேசறாரு பாரு!"

"அந்த ஒல்லி என்ன?" என்று கேட்டாள் யோலாண்டா. "வீட்டு வரிப் படிவம் மாதிரி இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். க்ளென் படப் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவளும் அதைத் திறந்து, "ஐயோ, அழகா இருக்கே!" என்றாள். அவ்வளவுதான், காரியம் முடிந்த மாதிரிதான். வில்மா சும்மா இருந்தாலே போதும். ரம்மை ஒரு மிடறு விழுங்கினார். அது மூக்கு வரை ஏறியது.

"யோலாண்டா, நீ சாம்பல் புத்தகத்தை வாங்கு."

"இதையா? ஏன்?"

"நாப்பத்தொண்ணாம் பக்கத்தைப் படி. சத்தமா."

யோலாண்டா படித்தாள். நான்காவது வரியில் அவள் குரல் இறங்கியது. படித்து முடித்ததும் மேடை மேல் இருந்த தன் குவளையைப் பார்த்தாள். வில்மா கைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்துக் குவளைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஆறேகால்.

"நான் குடுத்தது நகல்" என்றார் வில்மா. "முத்திரையை மட்டும் பார்த்து ஏமாந்துட்டேன். வியாழக்கிழமைதான் எனக்கே தெரியும். வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டப்பவே சொல்லியிருக்கணும், வாய் வரலை. இன்னிக்குக்கூடக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் சொல்லாமலே போயிடலாமான்னுதான் பார்த்தேன். இந்தா உன் நீலமீன்."

துணிச்சுருள் மேடைக்கு வந்தது. அப்போது க்ளென் தன் குவளையைப் பார்த்து, "அப்ப முத்திரையை நம்பவே கூடாதா?" என்று மெல்லக் கேட்டார். கேட்டதுதான் தாமதம், டெல்பர்ட் தன் கையில் இருந்த குவளையை வெடுக்கென்று கவிழ்த்து அடியைப் பார்த்தார். விளிம்பு வரை பானம் நிறைந்த குவளை. அன்னாசித் துண்டு, செர்ரி, நொறுக்கிய ஐஸ், காகிதக் குடை எல்லாம் அவர் மடியில் கொட்டி, அங்கிருந்து மஞ்சள் புத்தகத்தின் மேல் வழிந்தன.

"இதுவும் முத்திரை சரியாத்தான் இருக்கு" என்றார் டெல்பர்ட், ஈரக் கால்சட்டையோடு.

முதலில் சிரித்தது யோலாண்டாதான். அவள் சிரித்த பிறகு மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. டெல்பர்ட் துண்டு தேடி ஓடினார். மஞ்சள் புத்தகத்தைத் தூக்கி உதறிய க்ளென், "விலை எல்லாம் இறங்கிடுச்சு" என்றார்.

சிரிப்பு அடங்கியதும் யோலாண்டா நீலமீனின் துணியை விலக்கிப் பார்த்தாள்.

"எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், வில்மா. பொய் சொல்லலை. டிப்போல ஒருத்தர் பாக்கி இல்லாம இவனைக் காட்டிப் பெருமையடிச்சிருக்கேன்."

"தெரியும். மன்னிச்சுக்கோ."

"மீனை நான் எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கணும்."

"ஆனா இவனைத் திருப்பித் தர மாட்டேன். நகலோ அசலோ, திங்கக்கிழமை காலைல என் வீட்டுக்காரர் மூஞ்சி அச்சு அசல் இதுதான். எனக்கு இவன் வேணும்." அவள் தூங்குமூஞ்சியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, குரலைத் தாழ்த்தாமலே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "புத்தகம் சாம்பல்தான் வாங்கப் போறேன். அழகு கிடையாது, ஆனா உங்களையே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்ல வச்ச புத்தகமாச்சே. அதைவிட நல்ல புத்தகம் எங்க கிடைக்கும்?"

வில்மாவுக்குக் கண் கலங்கியது. அதை ரம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த அரைமணியில் நடந்ததை அவர் கனவிலும் எதிர்பார்த்திருக்கவில்லை. க்ளென் தன் காருக்குப் போய் மூன்று குவளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதையும் கொஞ்சம் பாருங்க." அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். இனி யாரும் தன்னிடம் கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தவருக்கு முன்னால், குவளையும் கையுமாக வரிசை நின்றது. யோலாண்டா புத்தகத்தைப் பிரித்துப் பக்கத்தைச் சொன்னாள், வில்மா அளந்தார். க்ளெனின் மூன்றில் ஒன்று குள்ளம் என்று தெரிந்ததும், "அப்பாடா, இனி இதுல காப்பி குடிக்கலாம்" என்றார் அவர்.

டெல்பர்ட் மட்டும் வரிசைக்கு வரவில்லை. கால்சட்டை மாற்றிக்கொண்டு வந்தவர், மேடையைத் துடைத்தார். துடைத்த மேடையையே மறுபடியும் துடைத்தார். ஒரு தடவை மாடத்துக் குவளையை எடுக்கப் போய், விளக்கின் ஒயரை மட்டும் சரிசெய்துவிட்டுத் திரும்பினார். க்ளென் விடவில்லை. "என்ன டெல்பர்ட், உங்க மகாராஜாவைக் கீழ இறக்குங்க. அவரையும் ஒரு அளவு பார்த்துடலாம்."

"அப்புறம் பார்க்கலாம். ஐஸ் உருகுது பாரு."

"அளவுகோலுக்குப் பயமா?"

டெல்பர்ட்டின் கழுத்து சிவந்தது. அந்தச் சிவப்பை வில்மா பார்த்தார். பதினொரு வருஷமாக அந்த மாடத்தில் விளக்கு எரிகிறது. தன் தப்பைத் தானாக நாலு பேர் முன்னால் சொல்வது வேறு. நாலு பேர் முன்னால் இன்னொருவரை அளப்பது வேறு.

"இன்னிக்கு முடியாது, க்ளென்" என்றார் வில்மா. "கண்ணெல்லாம் கோடு கோடா தெரியுது. ஒரு விரல் ரம்மோட வேலை."

எல்லாரும் கிளம்பும்போது வில்மா பெட்டியில் படப் புத்தகத்தையும் நனைந்த மஞ்சள் புத்தகத்தையும் மட்டும் வைத்தார். சாம்பல் புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அளவுகோலைச் செருகி, யாரும் பார்க்காதபோது மேடைக்கு உள்பக்கம், எலுமிச்சைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். டெல்பர்ட் மட்டும் அதைக் கவனித்துவிட்டார். கார் வரை வந்து கதவைத் திறந்துவிட்டார். அதற்கு முன் அவர் அப்படிச் செய்ததே இல்லை.

அன்று மாலை அலமாரியில் நீலமீன் இருந்த இடம் காலியாகத்தான் தெரிந்தது. வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். வில்மா மற்றக் குவளைகளைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி இடத்தை நிரப்பிப் பார்த்தார். சரியாக வரவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, படுக்கப் போகுமுன் இரண்டே வார்த்தையில் நன்றி சொல்லி ஜெபித்துவிட்டு, நன்றாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் அடித்தது. கெரிட் எடுத்து, கேட்டு, "உனக்குத்தான். குழாய்க்காரர், சிரிச்சுக்கிட்டே இருக்காரு" என்று நீட்டினார்.

"வில்மா" என்றார் டெல்பர்ட். "ஆறேகால்."

"ஐயோ, டெல்பர்ட்."

"மூணு தடவை அளந்தேன். நாலாவது தடவை என் பெஞ்சாதி அளந்தா. ஆறேகால்தான்." அந்தப் பக்கம் ஐஸ் கிணுகிணுக்கும் சத்தம் கேட்டது. "பதினொரு வருஷமா இந்தப் பயலைத் தொடக்கூடப் பயந்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்குத்தான் முதல் தடவையா இவன்ல ஊத்தியிருக்கேன். ஆரஞ்சுச் சாறுதான், பயப்படாதீங்க, காலைல எட்டு மணிதானே. உதட்டுக்கு எவ்வளவு வாகா இருக்கான் தெரியுமா? அடுத்த மாசம் நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். அதுவரைக்கும்…"

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

"அது எனக்குத் தெரியும்" என்றார் டெல்பர்ட். "புத்தகத்தை இன்னொரு வாரம் வச்சுக்கட்டுமா? அலமாரில அளக்க இன்னும் அறுபது இருக்கு."